ஊர் திரும்பும் செடி

1984ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் நிர்வாகத் தலைநகரான பிரிட்டோரியாவில், புரோட்டியா பார்க் என்னும் பூங்காவில் ஒரு புதர் பூத்து நின்றது. ஊசி போன்ற சிறு இலைகள். கிளை நுனிகளில் வளையம் வளையமாக அடுக்கிய இளஞ்சிவப்புக் குழல் பூக்கள். பூங்காவில் பூச்செடி நிற்பதில் என்ன அதிசயம்? செடிகொடி அறிந்த ஒருவர் கண்ணில் பட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அது எரிகா வெர்டிசிலேட்டா. காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை, பூண்டோடு அற்றுப்போய்விட்டது என்று தாவரவியலாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணக்கை முடித்துவிட்ட செடி.

அதன் சொந்த ஊர் பிரிட்டோரியா அல்ல. அங்கிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளி, இன்று கேப் டவுன் நகரம் பரந்து கிடக்கும் மணல் சமவெளிதான் அது பிறந்த மண். மழைக்காலத்தில் நீர் ஊறி நிற்கும், கோடையில் காய்ந்துவிடும், புளிப்புத் தன்மை கொண்ட மணல். அதிலும் எல்லா இடத்திலும் வளராது. பிளாக் ரிவர் என்ற சிற்றாற்றுக்கும் ஜீகூவ்லே என்ற ஏரிக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பரப்பில் மட்டும் இருந்தது. உலகில் வேறெங்கும் இல்லை.

குறுகிய இடத்தில் மட்டும் வாழும் செடிக்கு அழிவு எப்படி வரும் என்று யோசிக்கவே வேண்டாம். கேப் டவுனின் தெருப் பூக்காரர்கள் இதைக் கொத்துக் கொத்தாக வெட்டி விற்றார்கள். அழகான பூ, பக்கத்திலேயே கிடைத்தது. பிறகு அதே மணலில் வயல் வந்தது, சாலை வந்தது, வீடுகள் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதிக்குள் கடைசிச் செடியும் போய்விட்டது.

கேப் பகுதியில் இப்படிப்பட்ட செடிகள் ஒன்றிரண்டு அல்ல. ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைவிடச் சிறிய பரப்பு. அதில் பூக்கும் தாவரங்கள் மட்டும் 9,000 வகை. அவற்றில் பத்துக்கு ஏழு வேறெங்கும் காணக் கிடைக்காதவை. எரிகா பேரினத்தில் ஐரோப்பா முழுவதற்கும் இருபது சொச்சம் வகைதான். இந்தத் தென்முனையில் ஏறத்தாழ 700. உயர்ந்த மரங்கள் இல்லாத, இடுப்பளவுப் புதர்கள் அடர்ந்த இந்தக் காட்டுக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் ஃபைன்போஸ். கேப் டவுன் மாநகர எல்லைக்குள்ளேயே 3,000 தாவர வகைகளுக்கு மேல் உண்டு. ஒரு வீட்டுமனைத் திட்டத்துக்கு மண்ணைச் சமன்செய்தால் உலகத்திலிருந்தே ஒரு வகை மறைந்துவிடக்கூடிய ஊர் அது.

அந்த ஊரில்தான், டேபிள் மலையின் கிழக்குச் சரிவில், கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்கா இருக்கிறது. பிரிட்டோரியா புதரிலிருந்து வெட்டிய குச்சிகள் போய்ச் சேர்ந்த இடம்.

தாவரவியல் பூங்கா என்றதும் நம் மனத்தில் ஊட்டிதான் வரும். 1848இல் உருவான அந்தப் பூங்காவை மெக்ஐவர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வடிவமைத்தார். புல்தரை, கண்ணாடி வீடு, மே மாத மலர்க் கண்காட்சி. அவரே நீலகிரியில் சின்கோனாவைப் பயிரிட்டு, கொய்னா மருந்துக்கு வழி செய்தவர். அன்றைய தாவரவியல் பூங்காக்களின் வேலையே அதுதான்: ஒரு நாட்டின் பணப்பயிரை இன்னொரு நாட்டில் வேரூன்றச் செய்வது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ பூங்காவுக்குப் போன ரப்பர் விதைகள் முளைத்து இலங்கைக்கு வந்து, பிறகு ஆசியா முழுவதும் பரவின. கல்கத்தா, பேராதனை, சிங்கப்பூர் பூங்காக்கள் எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். உள்ளூர்ச் செடியைக் காப்பாற்றுவது யாருடைய நினைப்பிலும் இல்லை. உள்ளூர்ச் செடி அழியும் என்றே யாரும் நினைக்கவில்லை.

கிர்ஸ்டன்போஷ் அந்த வரிசையில் சேராதது. 1913இல் இதைத் தொடங்கியவர் ஹரால்ட் பியர்சன் என்ற தாவரவியல் பேராசிரியர். இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் வகுத்த கொள்கை, இந்த மண்ணின் செடிகளை மட்டுமே இங்கே வளர்க்க வேண்டும் என்பது. ஒரு நாட்டின் சொந்தத் தாவரங்களுக்கென்றே அமைந்த முதல் பெரிய பூங்கா என்று இதைச் சொல்வது வழக்கம். அரசு ஆண்டுக்கு 1,000 பவுண்டு தந்தது. அது போதவில்லை. விறகும் ஓக் மரக் கொட்டைகளும் விற்றுத்தான் செலவை ஈடுகட்டினார்கள். பியர்சன் இயக்குநர் பதவிக்குச் சம்பளம் வாங்கவில்லை. மூன்றே ஆண்டில், 1916இல் இறந்துபோனார். பூங்காவிலேயே அடக்கம் செய்தார்கள்.

இந்த இடத்தின் முந்தைய கதை அவ்வளவு நல்லதல்ல. 1660இல் டச்சுக் குடியேற்றத் தலைவர் யான் வான் ரீபீக், மண்ணின் மக்களான கோய்கோய்கள் தங்கள் மாடுகளோடு உள்ளே வராதபடி காட்டுவாதுமைச் செடிகளை வரிசையாக நட்டு உயிர்வேலி போட்டார். உள்நாட்டுச் செடியைக் கொண்டே உள்நாட்டு மக்களை வெளியே நிறுத்திய வேலி. அதன் மிச்சம் இன்றும் கிர்ஸ்டன்போஷில் தழைத்து நிற்கிறது. 1895இல் இந்த நிலத்தை வாங்கிய செசில் ரோட்ஸ் வைத்த கற்பூர மரச் சாலையும் அப்படியே இருக்கிறது. அந்நிய மரம்தான், ஆனால் வெட்டவில்லை. கொள்கைக்காரர்களும் சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்வார்கள் போலும்.

எரிகா குச்சிகள் வேர் பிடித்தன. ஆனால் உடனே ஒரு சிக்கல் தெரிந்தது. ஒரே புதரிலிருந்து எத்தனை ஆயிரம் குச்சி வெட்டி நட்டாலும் அவை எல்லாம் ஒரே செடிதான், மரபணு மாறாது. ஒரு நோய் ஒன்றைக் கொன்றால் எல்லாவற்றையும் கொல்லும். இந்த எரிகா வகைகளுக்குத் தங்களுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்தால் விதை சரியாகப் பிடிப்பதும் இல்லை. விதை பிடிக்க உறவுமுறை தூரமான இன்னொரு செடி வேண்டும். காட்டில் ஒன்றுமில்லை. அப்படியானால் எங்கே தேடுவது?

மற்றப் பூங்காக்களில்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேப் எரிகாக்களின் மேல் ஐரோப்பியப் பணக்காரர்களுக்குப் பெரிய மோகம் இருந்தது. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், தம் அரண்மனைக்குச் செடி சேகரிக்க இரண்டு தோட்டக்காரர்களைக் கப்பலேற்றி அனுப்பினார். அவர்களில் ஒருவரான கியோர்க் ஷோல் கேப் டவுனிலேயே பத்தாண்டுக்கு மேல் தங்கி, வியன்னாவுக்குச் செடிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த அரண்மனைத் தோட்டங்களின் கண்ணாடி வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள் குச்சி வெட்டி, குச்சி வெட்டி ஒரு எரிகா வெர்டிசிலேட்டாவை உயிரோடு வைத்திருந்தார்கள். அது அந்தக் காலத்தில் வந்த செடியின் வழித்தோன்றல் என்றே கருதப்படுகிறது. லண்டனின் கியூ பூங்காவில் ஒன்று இருந்தது. கலிபோர்னியாவின் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்தும் ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிர்ஸ்டன்போஷிலேயே, மற்றப் புதர்களுக்கு நடுவே கவனிப்பாரற்று ஒன்று நின்றிருக்கிறது. நெடுநாள் வேலை பார்த்த தோட்டத் தொழிலாளி ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். கையில் வெண்ணெய் இருக்க ஊரெல்லாம் நெய் தேடியிருக்கிறார்கள்.

இப்படிச் சேர்ந்த தாய்ச்செடிகள் பத்துக்கும் குறைவு. ஒரு முழு இனத்தின் எதிர்காலம் அவ்வளவு சிறிய கூட்டத்தின் மேல் நிற்கிறது. அவற்றைத் திரட்டி, பெருக்கி, மறுபடி மண்ணில் நடும் வேலையைப் பல ஆண்டுகள் முன்நின்று நடத்தியவர் பூங்காவின் நாற்றங்கால் மேலாளர் ஆன்டனி ஹிட்ச்காக்.

நாற்றங்கால் வேலை பூங்காவின் பகட்டான பக்கம் அல்ல. சுற்றுலாப் பயணிகள் அங்கே வருவதில்லை. எரிகாவின் இளங்கிளை நுனியை விரல் நீளத்துக்கும் குறைவாகக் கிள்ளி, வேர்த்தூண்டி மருந்தில் தொட்டு, கீழிருந்து இளஞ்சூடு தரும் மணல் பாத்தியில் ஊன்றுகிறார்கள். வேர் பிடித்த பிறகும் உரம் விஷயத்தில் கை இறுக்கம் வேண்டும். ஃபைன்போஸ் செடிகள் சத்தில்லாத மணலில் பழகியவை. பாஸ்பரஸ் அதிகமானால் புரோட்டியா போன்றவை செத்தே போகும். எரு போட்டுப் பழகிய தோட்டக்காரருக்கு இதை ஏற்றுக்கொள்வதே கஷ்டம்.

விதையிலிருந்து வளர்ப்பது இன்னும் பெரிய புதிராக இருந்தது. நல்ல விதை, நல்ல மண், தண்ணீர் எல்லாம் இருந்தும் பல ஃபைன்போஸ் செடிகள் முளைக்க மறுத்தன. பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் புதர்க்காடு தீப்பிடித்து எரியும். எரிந்த பிறகே புதுக் கன்றுகள் எழும். வெப்பம்தான் காரணம் என்று நினைத்து விதைகளைச் சுட்டுப் பார்த்தார்கள். பல வகைகள் அசையவில்லை. 1990இல் தி லாங்கே, பூஷே என்ற இரு ஆய்வாளர்கள் விடையை வெளியிட்டார்கள். சூடு அல்ல, புகை. எரியும் செடிகளிலிருந்து வரும் புகையை நீரில் கரைத்து ஊற்றினாலே போதும், உறங்கிக் கிடந்த விதை கண் திறந்தது. அதன் பிறகு கிர்ஸ்டன்போஷில் நெவில் பிரவுன் என்பவர் நூற்றுக்கணக்கான வகைகளில் அந்தச் சோதனையைச் செய்து, எது புகைக்கு இசையும், எது இசையாது என்று கண்டறிந்தார். புகைநீரில் நனைத்து உலர்த்திய காகிதத் துண்டுகளைப் பூங்கா விற்பனைக்கே கொண்டுவந்தது. வீட்டில் ஒரு கிண்ணத் தண்ணீரில் காகிதத்தையும் விதையையும் ஒரு நாள் ஊறவைத்து விதைக்கலாம். புகையில் இருக்கும் அந்த வேதிப்பொருள் எது என்பது 2004இல்தான் தெரிந்தது.

ஒரு பூங்காவின் பயன் என்ன என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பூக்களைக் காட்டுவது இரண்டாம் பட்சம். ஒரு செடி எப்படி முளைக்கிறது, எது அதைக் கொல்கிறது, யார் அதற்கு மகரந்தம் சுமக்கிறார் என்ற அறிவு, அதைக் கையால் வளர்த்துப் பார்த்தவர்களிடம்தான் சேர்கிறது. அந்த அறிவு இல்லாமல் காட்டைத் திரும்ப உண்டாக்க முடியாது.

1994இல் முதல் முயற்சி. கேப் டவுனின் ரோண்டெவ்லே சரணாலயத்தில் எரிகா வெர்டிசிலேட்டாவைத் திரும்ப நட்டார்கள். நகருக்கு நடுவே நீர்யானைகள் வாழும் இடம் அது. நட்டதில் பல செத்தன. எங்கே மண் போதிய ஈரமாக இருந்ததோ அங்கே மட்டும் தாக்குப்பிடித்தன. செடியைக் காட்டில் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லாததால், அதற்கு எவ்வளவு ஈரம் பிடிக்கும் என்பதையே செடிகளைப் பறிகொடுத்துத்தான் கற்க வேண்டியிருந்தது. பிறகு தேர்ந்த இடங்களில் நட்டார்கள். பூத்தது. தேன்சிட்டுகள் வந்தன, அந்த நீண்ட குழல் பூ அவற்றின் வளைந்த அலகுக்கென்றே வாய்த்தது. திட்டமிட்டு ஒரு பகுதியை எரித்த பிறகு, மனிதர் கை படாமல் விதையிலிருந்து எழுந்த கன்றுகளைக் கண்டார்கள். இருபது நட்டாலும் இருநூறு நட்டாலும் அது தோட்ட வேலை. தானாக முளைத்த ஒரு கன்று வேறு வகை.

அடுத்த இடம் யாரும் எதிர்பாராதது: குதிரைப் பந்தய மைதானம். கெனில்வொர்த் பந்தயத் திடலில் குதிரைகள் சுற்றி ஓடும் தடத்துக்கு நடுவே கிடந்த நிலத்தை நூறாண்டுக்கு மேல் யாரும் உழவில்லை, கட்டடம் கட்டவில்லை. பந்தயம் கட்டியவர்களின் கண் குதிரை மேலேயே இருந்ததில், ஒரு துண்டு ஆதி நிலம் தப்பிப் பிழைத்தது. மணல் ஃபைன்போஸ் மிக நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இடங்களில் இது ஒன்று; விரல் நகத்தில் உட்காரும் அளவிலான அரிய தவளை ஒன்றும் அங்கே வாழ்கிறது. எரிகா அங்கும் போனது. ஆனால் நகரத்தின் நடுவில் வேண்டுமென்று தீ வைப்பது சாதாரண வேலையா? காற்றின் திசை, அக்கம்பக்க வீடுகள், தீயணைப்புத் துறை என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஒரு தீக்குச்சி கிழிக்க வேண்டும்.

மூன்றாவது இடம் டோகாய். பல பத்தாண்டுகள் பைன் மரத் தோப்பாக இருந்த நிலம். மரங்களை வெட்டி, நிலத்தை எரித்தபோது மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய விதைகள் முளைத்து எழுந்தன. அவற்றோடு எரிகாவையும் சேர்த்து நட்டார்கள். ஆனால் இங்கே மக்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. மர நிழலில் நடந்து பழகியவர்கள், பைனை வெட்டாதே என்றார்கள். வெயிலில் கிடக்கும் புதர்க்காட்டை அழகு என்று ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நீலகிரியில் சோலையையும் புல்வெளியையும் விழுங்கிய சீகை மரத்தை வெட்டலாமா என்ற வாக்குவாதத்தைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்ற எண்ணம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

கேப் டவுன் மணல்வெளியில் இதைவிடக் கடினமான வாதமும் உண்டு. நிறவெறி ஆட்சியில் நகருக்குள் வாழ்ந்த கறுப்பின, கலப்பின மக்களை வீட்டோடு பெயர்த்து இந்த மணலில்தான் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இன்றும் வீடு போதவில்லை. இந்த மணல் ஃபைன்போஸில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. மீதி இருக்கும் துண்டு நிலத்தில் வேலி போட்டு, இது செடிக்கு என்று சொன்னால் வீடில்லாதவருக்கு அது எப்படிக் கேட்கும்? பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுவது, நாற்றங்காலில் உள்ளூர் ஆட்களுக்கே வேலை தருவது என்று பாதுகாப்பாளர்கள் வழி தேடுகிறார்கள். முழு விடை அல்ல அது.

பூங்காவால் முடியாதது என்ன என்பதற்கும் கிர்ஸ்டன்போஷிலேயே சான்று இருக்கிறது. எஞ்செபலார்டோஸ் வுடியை என்ற ஈந்துப்பனை போன்ற சைக்காட் வகை மரம். 1895இல் ஜான் மெட்லி வுட் என்பவர் இன்றைய குவாசுலு-நட்டாலின் ஙோயே காட்டில் இதன் ஒரே ஒரு தூரைக் கண்டார். ஆண் மரம். அதன் பிறகு எத்தனை பேர் எத்தனை முறை தேடியும் பெண் மரம் கிடைக்கவில்லை. இன்று உலகப் பூங்காக்களில் நிற்கும் அத்தனையும் அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுகள். நன்றாக வளர்கின்றன, நோயில்லாமல் இருக்கின்றன, ஒருநாளும் விதை வைக்கப்போவதில்லை. பூங்காக்கள் அதைச் சாகாமல் வைத்திருக்கின்றன. அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலவில்லை.

பூங்காவின் மதில்களும் அவ்வளவு உறுதியல்ல. 2014 ஆகஸ்டில் கிர்ஸ்டன்போஷிலிருந்தே 24 சைக்காட் செடிகளைத் திருடர்கள் தோண்டிக்கொண்டு போனார்கள். காட்டில் நூற்றுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் ஆல்பனி சைக்காட்களும் அவற்றில் இருந்தன. பணக்கார வீட்டு முற்றங்களில் அரிய செடிக்கு விலை ஏற ஏற, அது அரியதாக இருப்பதே அதற்கு எமனாகிவிடுகிறது.

அதனால்தான் செடியோடு விதையையும் சேமிக்கிறார்கள். இங்கிலாந்தின் வேக்ஹர்ஸ்டில் கியூ பூங்கா 2000இல் திறந்த மில்லேனியம் விதை வங்கியோடு தென்னாப்பிரிக்காவும் கைகோத்திருக்கிறது. விதையை நன்றாக உலர்த்தி மைனஸ் 20 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். எவ்வளவு காலம் தாங்கும்? எதிர்பாராத ஒரு விடை 2006 வாக்கில் கிடைத்தது. அதைத் தந்தவை, 1803இல் யான் டீர்லிங்க் என்ற டச்சு வணிகர் கேப்பில் சேகரித்த விதைப் பொட்டலங்கள். அவர் வந்த கப்பலை ஆங்கிலேயர் பிடித்ததால் காகிதங்களோடு லண்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போய், இருநூறு ஆண்டு தோல் பையில் கிடந்தன. விதை வங்கியார் அவற்றை முளைக்க வைத்துப் பார்த்தார்கள். 32 வகைகளில் மூன்று முளைத்தன. புகைநீருக்கும் அதில் பங்கு உண்டு.

எரிகா வெர்டிசிலேட்டா இப்போது கிர்ஸ்டன்போஷின் எரிகா தோட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி பூக்கிறது. வீட்டுத் தோட்டங்களுக்கும் பரவியிருக்கிறது. ரோண்டெவ்லே, கெனில்வொர்த், டோகாய் மூன்றிலும் வேர் பிடித்திருக்கிறது. ஆனாலும் தென்னாப்பிரிக்காவின் சிவப்புப் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே 'காட்டில் அற்றுப்போனது' என்றே இருக்கிறது. நட்ட செடிகளைப் பட்டியல் கணக்கில் சேர்ப்பதில்லை. மனிதர் தண்ணீர் ஊற்றாமல், தீயில் எரிந்து, விதையிலிருந்து எழுந்து, அடுத்த தலைமுறையும் அப்படியே எழும்போதுதான் அந்தக் குறிப்பை மாற்றுவார்கள். முதல் நடவு முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்த நாள் வரவில்லை.